மைனஸ் இருபத்தேழில் மாப்பிள்ளையின் ட்ரோன்

குளிரில் ட்ரோனை நம்பக்கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் யோகேஸ்வரி. நீங்கள் மடியில் வைத்திருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் அந்த அம்மாளின் நினைவு வந்துவிட்டது. ட்ரோன்தானே அது? நினைத்தேன். கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கப் போகிறீர்களா? எங்கள் சங்கரன்கோவிலில் முகூர்த்தமா? நல்லது, தம்பி. நடத்துநர் மேலே வைக்கச் சொல்லி அதட்டினாலும் வைக்காதீர்கள். இராஜபாளையம் வரைக்கும் இந்தப் பேருந்து முறத்தில் அரிசி புடைப்பதுபோலத்தான் நம்மைக் கொண்டுசெல்லும்.

நான் ஆவுடைநாயகி. அரசு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முழுக்க முழுக்கத் தமிழ் வழியில் படித்தவள், தமிழ் வழியிலேயே கற்பித்தவள். ஆகவே ஒரு செய்தியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியும். நடுவில் கேள்வி கேட்காமல் கேளுங்கள். கேட்பதற்கு இறுதியில் நேரம் தருவேன்.

என் மகள் மங்கையர்க்கரசி கனடாவில் வினிபெக் என்னும் ஊரில் இருக்கிறாள். மனிதர் குடியிருப்பதற்கு உலகத்தில் எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்த பெருமை என் மாப்பிள்ளை செந்திவேலையே சேரும். "பேத்தியைப் பார்க்க வாருங்கள் அத்தை" என்று அன்போடு அழைத்தார். மார்கழியில் அழைத்தார். அங்கே வைகாசியில் பூப் பூக்குமாம், ஆற்றங்கரையில் புல் முளைக்குமாம். மாமியாரை அழைப்பதற்கு உகந்த மாதம் மார்கழி என்று யார் ஆராய்ந்து சொன்னார்களோ, தெரியவில்லை. வீட்டுக்கு வெளியே நின்று ஒரு மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஊசி குத்தும். கண்ணீர் வந்தால் இமையோடு ஒட்டிக்கொள்ளும். அழுவதற்குக்கூட வசதியில்லாத ஊர்.

மாப்பிள்ளை நல்லவர். அதை நான் மறுக்கவே மாட்டேன். பொறியியல் படித்தவர், அதுவும் ஆங்கில வழியில். அதனால் எளிதாகச் செய்யக்கூடிய எதையும் அவரால் எளிதாகச் செய்ய இயலாது, அவ்வளவுதான். நான் போய் இறங்கியபோது அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை போயிற்று என்று அவர் சொல்லவில்லை. "ஒரு சின்ன இடைவெளி அத்தை" என்றார். அந்த இடைவெளியில் அவர் வாங்கியதுதான் ட்ரோன். வேலையில்லாத மனிதர் பறக்கும் பொம்மை வாங்குகிறார். பார்த்தேன், அவ்வளவுதான். என் பார்வைக்கு ஒரு பள்ளிக்கூடமே அடங்கியிருக்கிறது.

பொம்மையில்லை, தொழில் என்று மகள் விளக்கினாள். அந்த ஊரில் குலேந்திரன் என்று ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து போய் வேரூன்றியவர். வீடுகள் கட்டிப் பராமரிப்பது அவர் தொழில், தமிழ்ச் சங்கத்துக்கும் அவரே தலைவர். பனிக்காலத்தில் கூரையில் எவ்வளவு பனி ஏறியிருக்கிறது, எங்கே பிளந்திருக்கிறது என்று பார்க்க ஏணி வைத்து ஆள் ஏற வேண்டுமாம். முந்தைய ஆண்டு ஏறிய ஆள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். அதனால் இனி ஆளை ஏற்றுவதில்லை, ட்ரோனைத்தான் ஏற்றுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளையிடம் சொன்னாராம்: "பொங்கலண்டைக்கு எங்கடை விழாவை மேலை நிண்டு எடுத்துக் காட்டும் தம்பி. உந்தக் குளிருக்கை பிழையில்லாமல் ஏறி இறங்கினால் நாப்பது வீட்டுக் கூரையும் உமக்குத்தான்."

அது கிடைக்காவிட்டால் வேறு வழி ஒன்று இருந்தது. வடக்கே, மரம்கூட முளைக்காத இடத்தில் ஒரு சுரங்கம். ஆறு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. என் பேத்தி நாச்சியாருக்கு வயது நான்கு. அப்பா மடியில் உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவள் அம்மாவும் நானும் ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்கு வடக்கே போக மனமில்லை. ஆகவே அந்தப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வெறும் பொங்கலாக இல்லை.

இந்த நிலையில்தான் யோகேஸ்வரி என்னிடம் பேசினார். சங்கத்துச் சமையற்கட்டை ஆளுகிறவர் அவர். "ரீச்சர், உந்தச் சாமானுக்குக் குளிரெண்டால் ஆகாது. பற்றரி பட்டெண்டு இறங்கிடும். என்ரை மகன்ரை ஒண்டு ஆத்துக்கை விழுந்திட்டுது" என்றார். "ட" இருக்க வேண்டிய இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் "ர" வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விருந்தாளியாக வந்த இடத்தில் திருத்தக்கூடாது என்று இருந்துவிட்டேன். ஒருமுறைதான் திருத்தினேன்.

அவர் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "தெரியும் அத்தை, அதுக்குத்தான் பழகுதேன்" என்றார். பழகினார், தம்பி. அந்தப் பழக்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேட்டரிகளையும் காலுறைக்குள் போட்டு, சட்டைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொள்வார், கோழி அடைகாப்பதுபோல. கைபேசியின் முதுகில் ஒரு சூட்டுப் பையை ஒட்டுவார். கையுறையில் இரண்டு விரல் முனையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். ட்ரோனைக் கிளப்பினால் அது நேரே மேலே போகாது. தலையுயரத்தில் நின்று முனகிக்கொண்டே இருக்கும். "சூடு ஏறட்டும் அத்தை" என்பார். இறக்கிய பிறகு வீட்டுக்குள் அப்படியே கொண்டுவர மாட்டார். வாசலிலேயே நெகிழிப் பைக்குள் போட்டுக் கட்டி, கட்டியதை ஒரு மூலையில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்பார். வெதுவெதுப்பில் ஈரம் கோத்துக்கொள்ளுமாம். எங்கள் வீட்டில் தீட்டுக் காத்தபோதுகூட இவ்வளவு கெடுபிடி இருந்ததில்லை. இவர் திருமணத்தன்று அரசாணிக்கால் நடுவதற்கே "சுருக்கமாக முடிப்போமே" என்ற குடும்பம் இது.

நான் அறிவியலும் நடத்தியிருக்கிறேன். விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக, ஓராண்டு முழுவதும். காரணம் காட்ட முடியாத சடங்கு எதுவாயினும் மூடநம்பிக்கை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். மாப்பிள்ளை செய்தவையும் எனக்கு அப்படித்தான் பட்டன. ஆனால் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் அந்த வீட்டில் யாரும் செய்யவில்லை. என்ன என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பொறிக்குப் பூசையே போடவில்லை.

வாங்கி மூன்று மாதம் ஆகியும் ஒரு பொட்டு இல்லை, ஒரு பூ இல்லை. மிதிவண்டி வாங்கினால்கூட எலுமிச்சம்பழம் வைக்காமல் நாம் சக்கரத்தை நகர்த்துவோமா? பொங்கலன்று காலையில் மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து நானே அந்தக் குறையைத் தீர்த்துவைத்தேன். ஊரிலிருந்து சந்தன வில்லை கொண்டுபோயிருந்தேன். பன்னீரில் கரைத்து, வழியாமல், கெட்டியாகக் குழைத்தேன். சுழலும் இறக்கை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு. கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறதல்லவா, சில பொட்டு பெரிதாக விழுந்தது, சில சிறிதாக விழுந்தது. பெரிதாக விழுந்தவற்றில் குங்குமமும் வைத்தேன்.

அப்புறம் கவிழ்த்துப் பார்த்தால் அடிவயிற்றில் இரண்டு சின்னக் கண்ணாடிக் கண்கள். எங்கள் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணுக்கு மிஞ்சிய காப்பு உண்டா, சொல்லுங்கள். பூரானுக்கும் பாம்புக்குமே அதைக் குழைத்துப் பூசுகிறோம். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, அந்தக் கண்கள் இரண்டிலும் நன்றாக அப்பினேன். கண்ணேறு முதலில் கண்ணில்தானே படும்?

ஏன் தம்பி முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? வயிற்றைப் புரட்டுகிறதா? சன்னலைத் திறந்துவிட்டுக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை குளித்துவிட்டு வந்து பார்த்தார். அப்படியே அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். பக்தி மேலிட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "அத்தை, கீழ இருக்கதையும் இறக்கையில இருக்கதையும் மட்டும் துடச்சிருதேன்" என்றார். கீழே இருப்பதையும் இறக்கையில் இருப்பதையும் துடைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நல்ல நாளும் அதுவுமாக, வைத்த சந்தனத்தை வைத்தவள் கண்முன்னால் துடைப்பதா? சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எனக்குத் தலை வலிக்கிறது, நீங்கள் விழாவுக்குப் போய்வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மகள் அரசி அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி அத்தை, இருக்கட்டும்" என்று பெட்டியை மூடினார். பெரியவர்கள் சொல்லுக்கு அவரிடம் அந்த மதிப்பு உண்டு. தலைவலியும் நின்றுவிட்டது.

அன்றைக்குக் குளிர் மைனஸ் இருபத்தேழு. சங்கத்தார் மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் பொங்கல் வைப்பதாக இருந்தார்கள். வழக்கமே அதுதானாம். சூரியனுக்குப் படைப்பதைச் சூரியன் எட்டிப்பார்க்காத இடத்தில் வைப்பதா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்றால், மேடையேறிக் கேட்டேன். வண்டிகள் நிறுத்தும் திடலில் பனியைச் சீவி ஒதுக்கி, எரிவாயு அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். பட்டுச் சேலைக்கு மேலே கரடிபோல அங்கி மாட்டிக்கொண்டு பெண்கள் சுற்றி நின்றார்கள். பால் பொங்கவேயில்லை. ஒரு பக்கம் தீ எரிகிறது, மறுபக்கம் பானையின் தோளில் பனி படிகிறது. "ரீச்சர், சூரியனும் இண்டைக்கு லீவு போலக் கிடக்கு" என்றார் யோகேஸ்வரி. நான் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை நெஞ்சில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு நடையாய் நடந்தார். ஒருவழியாகப் பால் விளிம்புக்கு ஏறிற்று. நான் குலவையிட்டேன். வாயைத் திறந்ததும் பல்லெல்லாம் கூசி, குலவை பாதியில் விக்கலாக முடிந்தது. அந்த நேரம் அவர் பேட்டரியைப் பொருத்தி ட்ரோனைக் கிளப்பினார்.

கிளம்பியது. சந்தனமும் குங்குமமுமாக மணப்பெண்போல. ஆனால் காய்ச்சல் கண்டாற்போல ஒரு நடுக்கம். முந்தைய நாட்களில் முனகிக்கொண்டிருந்தது, அன்றைக்கு அலறியது. குலேந்திரன் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே எட்டிக் கைபேசியில் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குளத்துத் தண்ணீருக்குள் எங்கள் முகங்கள் நெளிவதுபோல இருந்தது படம். "இதிலை என்னெண்டு தம்பி வெடிப்பைப் பாக்கிறது?" என்றார் அவர். மாப்பிள்ளை இறக்கத் தொடங்கினார்.

அதுவோ இறங்க மறுத்தது. இறங்கும், தரையே தெரியாததுபோல மறுபடி எழும்பும். இடப்பக்கம் நகரும், வலப்பக்கம் சரியும். மாப்பிள்ளையின் விரல் இரண்டும் வெளுத்து மெழுகுபோல இருந்தன. கையுறையில் வெட்டிய இடத்தைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு சாய்வு சாய்ந்து, எத்தனையோ வண்டிகள் நிற்கும் திடலில் குலேந்திரனின் வண்டியையே தேடிப் போய் முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. அந்தக் கண்ணாடியில் ஏற்கெனவே மிளகளவு ஒரு சில்லு பெயர்ந்திருந்ததாம். அந்தக் குளிரில் அது போதுமாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மிளகிலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கண்ணாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அவசரமே இல்லாமல் போயிற்று. அதற்குள் பொங்கல் வழிந்து அடுப்பையும் அணைத்துவிட்டது. கிழக்குப் பக்கமாக வழிந்ததா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பார்த்தேன். கிழக்குதான்.

யோகேஸ்வரி ட்ரோனை எடுத்துவந்தார். இறக்கையில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கவிழ்த்து, அடியிலும் சுரண்டினார். "ரீச்சர், இது கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு" என்று என்னைப் பார்த்தார். "அசல் சந்தனம் அப்படித்தான் பிடிக்கும்" என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை அதை அவர் கையிலிருந்து வாங்கி அங்கிக்குள் வைத்துக்கொண்டார். குலேந்திரன் வந்து நின்றதும் மாப்பிள்ளை சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"என் தப்புதான் அண்ணே. கிளப்புறதுக்கு முன்னால நான் சரியாப் பாக்கலை."

"கண்ணாடி கிடக்கட்டும். மற்றதைப் பிறகு கதைப்பம் தம்பி" என்றார் குலேந்திரன். பிறகு கதைக்கவேயில்லை. அந்த நாற்பது கூரைகளும் வேறு யாருக்கோ போயின.

நான் அன்று மாப்பிள்ளையை மதித்தேன், தம்பி. செய்த தவற்றைச் சபையில் ஒப்புக்கொள்ளும் துணிவு எத்தனை ஆண்களுக்கு வரும்? அத்தனை நாள் அடைகாத்து, சூடேற்றி, தீட்டுக் காத்து, கடைசியில் கிளப்பும் முன்னால் சரியாகப் பார்க்கவில்லை. இதைத்தான் நான் மாணவிகளுக்குச் சொல்வேன்: விடைத்தாளைக் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று. வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். "ஆமா அத்தை" என்றார். அதற்குள் அரசி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஊர்க் குளிர் மனிதர்களின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறது.

குலேந்திரன் கண்ணாடிக்குப் பணம் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடுவேனா? கடையிலிருந்து விலைச்சீட்டை வரவழைத்து, மதுரையில் மாற்றிக் கொண்டுபோயிருந்த டாலரில் எண்ணிக் கொடுத்தேன். எங்கள் குடும்பம் பிறர் கண்ணாடியை உடைத்துவிட்டுச் சும்மா போகாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இது உங்களுக்கு நான் தரும் கடன். வேலை கிடைத்ததும் தந்துவிடுங்கள், பொறுப்பு என்று ஒன்று வர வேண்டுமல்லவா" என்றேன். அவர் தம் விரல்களைப் பார்த்தார். அந்த இரண்டு விரல் நுனியும் கறுத்துத் தோலுரிந்திருந்தன. "கண்டிப்பாத் தந்துருதேன் அத்தை" என்றார்.

அந்த மாதக் கடைசியிலேயே வடக்கே போய்விட்டார். நாச்சியார் முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மாப்பிள்ளை ட்ரோனால் தம்மையே எடுத்த காணொளி ஒன்றை அனுப்பினார். ட்ரோனுக்கு இறக்கைகளை மட்டும் புதிதாக மாற்றினாராம். அடியில் வெந்நீர்த் துணி வைத்துத் துடைத்தாராம். மைனஸ் முப்பத்தைந்தில் அது கொஞ்சம்கூட நடுங்காமல் ஏறி இறங்குகிறது. புற்றுமண்ணின் காப்பு உள்ளே இறங்கியிருக்கிறது, அதுதான் காரணம். படத்தில் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கையசைக்கும். நாச்சியார் அந்தப் புள்ளிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் தான் வாங்கிக்கொள்வாள். கைபேசி முழுக்கப் பருக்கை. துடைப்பது யார்? நான்தான். அரசி அந்தப் படம் ஓடும்போது அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் நான் பொறுக்காமல், "நன்றாகத்தானே பறக்கிறது, அன்றைக்கும் இப்படிப் பறக்கவிட்டிருந்தால் இவர் இங்கேயே இருந்திருக்கலாமே" என்றேன். அரசி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, உங்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு அவுக எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காக. அதனாலதான் நான் பேசாம இருக்கேன்" என்றாள். என் மனம் புண்படக்கூடாது என்று எத்தனை அக்கறை பாருங்கள். தம் தவற்றை நான் நினைத்து நினைத்து வருந்தக்கூடாது என்பதற்காக, அந்தப் பேச்சையே எடுக்கவிடாமல் தடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது கேளுங்கள். கேள்விக்கு நேரம் தருவேன் என்று சொன்னேனே. ஒன்றுமில்லையா? உங்கள் வயதுக்காரர்களுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வமே இருப்பதில்லை. போகட்டும், பைக்குள் புற்றுமண் எப்போதும் வைத்திருப்பேன். நல்ல காரியத்துக்குப் போகிறீர்கள், பெட்டியைத் திறந்து காட்டுங்கள், ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன். வேண்டாமா? வேண்டாமென்றால் வேண்டாமென்று சொன்னால் போதுமே, பெட்டியை ஏன் சன்னல் பக்கம் நகர்த்துகிறீர்கள்?

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஊர் வந்துவிட்டது. வட்டி நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. ஆனால் அந்தப் பனியில் நின்று சம்பாதித்த முதல் சம்பளத்திலேயே, பிள்ளைக்கு ஒரு சட்டை எடுப்பதற்கும் முன்னால், என் கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "கண்ணாடிக்கு" என்று மட்டும் குறித்திருந்தார். விலைச்சீட்டில் இருந்தபடியே நானூற்று முப்பத்தெட்டு டாலர், எழுபத்தைந்து சென்ட்.